காதோரச் சேறு

ஓஹையோவில், சோயா வயலை ஒட்டிய
கார் நிறுத்தத்தைத் தாண்டினால்
ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்து நான்கு.
நுழைவுக் கட்டணம் இருபத்தெட்டு டாலர்.
கார்டும் வாங்குகிறார்கள்.

ஆறு வருடமாக இங்கே என் வேலை
பொய்யைத் துல்லியமாகக் குவிப்பது.
தளபதியின் மார்புக் கவசத்தில் என் தொப்பி தெரியாமல்,
அரசிக்குப் பின்னால் கழிப்பறை வரிசை விழாமல்,
பருந்துக்காரியின் மணிக்கட்டில்
கடிகாரம் கழற்றிய வெளிறிய தடம் வராமல்.
இரண்டடி இடம், ஒரு ஓக் மரம், சாய்ந்த வெயில்
இருந்தால் போதும்,
ஒரு நூற்றாண்டைச் சமாளித்துவிடுவேன்.

வெர்லின் சேற்றுப் பிச்சைக்காரன்.
நாளுக்கு நான்கு காட்சி.
குழிக்குள் குப்புற விழுவான்,
வாய் நிறையச் சேற்றோடு எழுந்து
லண்டன் உச்சரிப்பில் எல்லோரையும் வைவான்.
மரக்கிண்ணத்தில் காசு விழும்.
என்னிடம் அவன் படங்கள் ஆயிரத்துக்கு மேல்.
எல்லாவற்றிலும் பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை.

இன்று இரண்டாம் காட்சி முடிந்து
மெழுகுவர்த்திக் கூடாரத்தின் பின்னால் வந்து நின்றான்.
"ஒரு படம் வேணும். சுத்தமா. பாஸ்போர்ட்டுக்கு."

தலைவெட்டி ராஸ்கோ
கோடாரியை வேலியில் சாய்த்துவிட்டு
குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் குழாயைத் திறந்து பிடித்தான்.
சேறு இறங்க இறங்க
உள்ளிருந்து யாரோ வந்தான்.
ஐம்பதைத் தொட்ட, முன்வழுக்கை விழுந்த,
இடது புருவத்தில் தையல் தழும்புள்ள ஒருவன்.
கைகுலுக்கிப் பெயர் கேட்கலாமா என்றிருந்தது.

வெள்ளை மேசைவிரிப்பை அவன் பின்னால்
ராஸ்கோ உயர்த்திப் பிடித்தான்.
"சிரிக்காதே" என்றேன்.
உதடு பிதுங்கியது.
"கெஞ்சாதே."
ஒரு தோள் தானாகச் சரிந்தது.
"வெர்லின், ஒன்றுமே செய்யாதே."
அது மட்டும் அவனுக்கு வரவில்லை.
பதினேழு படம். பதினேழிலும்
யாரிடமோ காசு கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது பாவாடை வளையத்தை
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி
கழிப்பறையிலிருந்து வந்தார் அரசி.
ஆர்டித். வார நாட்களில் தபால் நிலையத்தில்
பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கும் ஜன்னல் அவருடையது.
கேமராத் திரையை எட்டிப் பார்த்தார்.
"மோவாயைத் தாழ்த்தணும். காதுக்குப் பின்னால் நிழல்.
தள்ளுபடி."
அரியணையில் ஒரு நாளும்
அவர் குரல் இத்தனை அரசாங்கமாய் ஒலித்ததில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டோம்.
"லண்டன்" என்றான்,
அசல் ஓஹையோ வாயால்.
"பதினோரு வருஷமா அந்த ஊர்ப் பேச்சுப் பேசறேன்.
சரியாத்தான் பேசறேனான்னு
ஒரு தடவை கேட்டுட்டு வரணும்."

யாரும் சிரிக்கவில்லை.
அவனும் ஏதோ ஞாபகத்தில்
நேராக என்னைப் பார்த்தான்.
அழுத்தினேன்.

ஆர்டித் பெரிதாக்கிப் பார்த்தார்.
தலையசைக்கப் போனவர் நின்றார்.
"வலது காதோரம் சேறு."

கொம்பு ஊதிவிட்டார்கள். மூன்று மணிக் காட்சி.
அரசி வண்டியைப் பிடிக்க ஓடினார்,
ராஸ்கோ கோடாரியைத் தேடினான்,
ஈரம் காயாத அந்தப் புது முகத்தோடு
வெர்லின் குழிக்குள் பாய்ந்தான்.

இரவு படங்களை இறக்கும்போது
பருந்துக்கும் யாரோ கடித்த வான்கோழிக் காலுக்கும் நடுவே
அவன்.
காதோரத்தைத் துடைக்க எனக்கு ஒரு நொடி போதும்.
பாஸ்போர்ட் படத்தில் கைவைக்கக் கூடாது என்று
போகும்போது திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனார் ஆர்டித்.
திருத்தியே பிழைத்த கை
மௌஸின் மேல் சும்மா கிடக்கிறது.

நாளை ஞாயிறு.
மழை வரும் என்கிறார்கள்.