நெக் அளவு

ஈப்போக்காரர் போனில் கேட்டது இவ்வளவுதான்:
"பாடியைப் பத்திப் பேசாதேம்மா, பெயிண்ட் அடிச்சு யாரும் ஏமாத்தலாம்.
நெக் அளவு சொல்லு. வருஷம் நான் சொல்றேன்."

கையுறை ஃபேக்டரியில் நான் தரப் பிரிவு.
விரல்நுனி பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று,
உள்ளங்கை பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு கைகள்,
உள்ளே யாரும் இல்லாத கைகள்.
அதனால்தான் குணாளன் என்னிடம் கொண்டுவந்தான்,
பாடாங் செராயின் இந்த மூன்றாவது லோரோங்குக்கு,
மோட்டார் முன்னால் அரிசிச் சாக்கில் சுற்றி.
"அப்பா வாசிச்சது. ஆயிரத்து இருநூறு வெள்ளி தர்றாராம்,
வருஷம் மட்டும் சரியா இருக்கணும்."

தலைப்பலகையில் பெயர் இல்லை.
பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை,
சுற்றிலும் வெயில் படாத மரம்.

வெர்னியரைத் துடைத்து ஆரம்பித்தேன்.
நட்டில் அகலம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
முதல் ஃப்ரெட்டில் கனம் இருபத்து மூன்று புள்ளி எட்டு,
பன்னிரண்டில் இருபத்தைந்து.
தடித்த கழுத்து. உள்ளே இரும்பு போட்டிருக்கிறான்,
காந்தம் காட்டிக்கொடுத்தது.
கையுறைப் பெட்டி அட்டையில் வளைவுகள் வெட்டி
விரல்பலகையில் ஒவ்வொன்றாய் வைத்து
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஏழேகால் இஞ்சு வட்டம்
வெளிச்சம் கசியாமல் உட்கார்ந்தது.

நான்கு திருகாணி. மூன்று வந்தது,
நான்காவது மண்ணெண்ணெய் கேட்டது.
கழற்றினால் அடியில்
நான்காய் மடித்த ஒரு சீட்டு,
நெக்கைச் சாய்க்க யாரோ சொருகியது.
தொழிற்சாலை முத்திரை இல்லை, பென்சில் தேதி இல்லை.
பால் எடைச் சீட்டு.
வெட்டு நம்பர் நாற்பத்தேழு.
எடை ராத்தலில்.

"கிலோ வர்றதுக்கு முன்னாடி," என்றேன்.
குணாளன் முகம் பிரகாசமானது.

ஆனால் எனக்கு ஒன்று ஒத்துவரவில்லை.
தர மேசையில் பத்து வருடம் உட்கார்ந்தவளுக்கு
ஒத்துவராதது கண்ணில் தூசி மாதிரி.
நட்டைத் திரும்பப் பார்த்தேன்.
மெல்லிய கம்பி ஓட வேண்டிய பக்கம்
பள்ளம் அகலமாய்.
வாரைக் கோக்கும் பொத்தான்
கீழ்க் கொம்புக்கு மாறியிருந்தது,
பழைய துளையில் தீக்குச்சி அடைத்து.
கட்டைவிரல் தேய்த்த குழி
இருக்கக்கூடாத விளிம்பில்.

"உங்கப்பா இடதுகையா?"

குணாளன் போனைத் திறந்து கல்யாணப் படம் காட்டினான்.
பெரட்டுக் களத்துப் பந்தல், பின்னால் டிரம்,
அப்பா கிட்டாரோடு, மிகச் சரியாக, வலதுகைக்காரராக.
அழகாகத்தான் பிடித்திருக்கிறார்.
பிடித்தவரெல்லாம் வாசித்தவரா?
நான் சொல்லவில்லை. நட்டு சொல்லிவிட்டது.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது
அவன் வீட்டில் இல்லை.
தனபாக்கியம் வாசலில் வந்து
சாக்கை வாங்கி, அவிழ்த்து,
கேட்காமலே தலைகீழாகத் திருப்பி
இடுப்பில் வைத்துக்கொண்டாள்.
கம்பி இல்லை. இருந்தாலும்
கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்தது,
என் அட்டை வளைவைப் போல, வெளிச்சம் விடாமல்.

"மண்டோர் திட்டுவான். நான் வெட்டினா கோடு
எதிர்ப் பக்கம் சாயுதாம்.
இதுல யாரு திட்டினா?
ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடும்,
பத்துக்கு நிக்கும்.
கடைசிப் பாட்டு எப்பவும் பாதிதான்."

நாற்பத்தேழா, என்று கேட்டேன்.
"அது என் நம்பர்தான். கம்பி ரொம்ப உசரமா இருந்துச்சு,
கைக்குக் கெடைச்சதை மடிச்சு வச்சேன்."

படத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் சாக்கை முடிந்துகொண்டிருந்தாள்.

"ஈப்போக்காரன்கிட்ட என்ன சொன்னே?"
இன்னும் சொல்லலை.
"அளவெல்லாம் சொல்லு. வருஷம் அவனே பார்த்துக்கட்டும்.
இடதுகைன்னு சொல்லு.
லேசுல கெடைக்காது.
ஆயிரத்து ஐந்நூறு கேளு."