கட்டுப்பாட்டு மீன்

மண்டைதீவுப் பொரிப்பகத்தில்
ஆறு பெட்டைக் கொடுவா.
மூன்று வருசத்துக்கு முன் எல்லாம் ஆணாய்த் திரிந்தவை.
கொடுவாவுக்கு அது வழமை;
ஆரும் வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை.

கராம்பெண்ணெய் விட்ட தண்ணியில்
மயங்கிச் சரிந்து கிடக்கும்.
பல்வலி மணக்கும் கையால்
மெல்லிய குழாயை உள்ளே விட்டு
வாயால் உறிஞ்சி எடுப்பேன்
ஒரு துளிக்குள்
இருபது முப்பது முட்டை.

நுணுக்குக்காட்டியின் கீழே அவை
தயிர் நிறம்.
அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய.
ஈரல் மாதக்கணக்காய்ச் செய்து
இரத்தத்தில் அனுப்பிய மஞ்சள்
உள்ளே முட்ட முட்ட இருக்கு.
கரு மட்டும் நடுவிலேயே குந்தியிருக்கு.
அது ஓரத்துக்கு நகர வேணும்,
நகர்ந்து தன் சுவரைத் தானே கரைக்க வேணும்,
பிறகுதான் முட்டை தண்ணி குடித்துத் தெளியும்.

அதுக்கு மேலிருந்து ஒரு சொல் வர வேணும்.
மூளைக்கு அடியில் தொங்கும்
கடுகு மாதிரிக் கபச்சுரப்பி
அந்தச் சொல்லை வைத்திருக்கு.
தொட்டிக்குள் வாய் திறக்காது.
கடல் என்றால்
அமாவாசையும் வற்றும் பெருக்கும்
கேட்டு வாங்கியிருக்கும்.
இங்கே ரியூப் லைற்.

"இன்னும் இல்லையோ?"
காலமை காலமை
வாளியோடு வரும் பொனிப்பாஸ் அண்ணை
மீனைப் பார்த்துத்தான் கேட்பார்.
நான்தான் திடுக்கிட்டுத் திரும்புவேன்.
எட்டு வருசம்,
கலியாண வீடு, செத்த வீடு, ஊர்காவற்றுறை பஸ்,
எங்கே கேட்டாலும்
என்னுடைய கேள்வி அது.

அமாவாசைக்கு அடுத்த நாள், காலமை ஏழரை.
ஐந்து மீனுக்கு ஓமோன்,
முதுகுச் செட்டைக்குக் கீழே
செதிலை நெம்பி.
ஆறாவதுக்கு, மஞ்சள் நூல் கட்டினதுக்கு,
அதே ஊசி, அதே அளவு,
வெறும் உப்புத்தண்ணி.
பக்கத்துத் தொட்டியில் இரண்டு ஆணோடு தனியே விட்டோம்.
கட்டுப்பாட்டு மீன் என்று பேர்.
ஒன்றும் நடக்காமல் இருப்பது
அதன் வேலை.

முப்பத்தாறு மணித்தியாலம்.
அடுத்த நாள் பொழுதுபட்டு,
பண்ணைப் பாலத்தில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் போக
முதல் தொட்டி கொதித்தது.
ஆண்கள் வயிற்றில் முட்ட முட்ட
தண்ணி முழுக்கக் கண்ணாடிக் குறுணி,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொட்டு எண்ணெய்.
வெள்ளையாய்த் தாண்டவை கொஞ்சம்தான்.

வலை எடுக்கப் போனவள்
இரண்டாம் தொட்டியடியில் நின்றுவிட்டேன்.
மணி ஒன்பது பத்து.
மஞ்சள் நூல் வட்டமடித்துக்கொண்டிருந்தது,
மேலே ஆடை மாதிரி முட்டை.

இரண்டு தொட்டிக்கும் ஒரே வடிகட்டி,
ஒரே தண்ணி.
அங்கே கரைந்தது ஏதும்
குழாய் வழியே வந்து சொல்லிற்றோ,
இல்லை, அதுவாய்த்தான்
ஒரு நாள் பார்த்ததோ.

கலாநிதி வாகீசன் தொலைபேசியில்:
"பிழைத் தரவு.
அட்டவணையில் இருந்து எடுத்துவிடும்."
ஓம் சேர் என்றேன்.

பிறகு பேனையால் எழுதினேன்:
தொட்டி இரண்டு. மஞ்சள் நூல். 9.10.
மிதந்தவை அரை வாளிக்கு மேல்.
காரணம் என்ற கட்டத்தில் 'ஒரே தண்ணி' என்று எழுதி
வெட்டி
வெறுமையாய் விட்டேன்.

காலமை பொனிப்பாஸ் அண்ணை
இரண்டு தொட்டியையும் எட்டிப் பார்த்தார்.
கேட்க ஒன்றும் இல்லாமல்
வாளியை மற்றக் கைக்கு மாற்றினார்.
நான் வலையை இரண்டாம் முறை கழுவினேன்.