நான்காவது சீல்

நான் நின்ற இடமெல்லாம் வண்டி எழுதிவிட்டுப் போனது:
பனியில் காசளவு கறுப்பு, பக்கத்தில் இன்னொன்று.
ஆர்விட்ஸ்யவுரில் இந்தக் குளிர்காலம்
தபால் வந்துவிட்டதா என்று யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை,
தரையைப் பார்த்தார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷத்து வோல்வோ.
கேம்ஷாஃப்டின் முன்முனையில் ஒரு ரப்பர் வளையம்,
கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்டால் வரும் வட்டம்.
சுழல்வதைச் சுழலவிட்டு
எண்ணெயை மட்டும் மறித்து நிற்க வேண்டும்.
வேறு வேலை கிடையாது அதற்கு.

அக்டோபரில் பொர்யெ முதல் சீலை மாற்றினார்.
நவம்பரில் இரண்டாவது.
அன்றைக்கு ஷாஃப்டை நகத்தால் வருடிப் பார்த்து
"பள்ளமில்லை. உதடு சரியாக உட்கார்ந்திருக்கிறது, குன்வோர்" என்றார்.
அவர் ஒரு மாதம் பேசும் பேச்சு அது.

மூன்றாவது ஒன்பது நாள் தாங்கியது.
டைமிங் பெல்ட் விளக்குத்திரி போல ஊறிக் கிடந்தது.
நான் பணம் தரவில்லை.
தராததோடு நின்றேனா?
பெட்ரோல் நிலையத்தில் காப்பி ஊற்றிக்கொண்டே
நான்கு பேர் காதில் விழச் சொன்னேன்:
"அறுவை ஆலையில் இரண்டு விரல் போனபோது
கணக்கும் கூடவே போய்விட்டது அவருக்கு."
சிரித்தார்கள்.
நான் எல்லாரையும்விடச் சத்தமாக.

நான்காவது சீலை லூலியோவிலிருந்து நானே வரவழைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் முப்பத்தொன்று,
கொட்டகைக்குள் கொஞ்சம் குறைவு.
பானெட்டைத் தூக்கினால்
எண்ணெய் பார்க்கும் கம்பி
குழாயிலிருந்து ஒரு விரலுயரம் எழும்பி நிற்கிறது.
நேற்றும் அப்படித்தான் இருந்தது.
முந்தாநாளும்.
சரியாகச் செருகவில்லை போல என்று
ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு வந்திருக்கிறேன்,
பேச வாயெடுத்தவரை உட்காரச் சொல்வது போல.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி
அந்த வாயில் ஒரு நீலக் கையுறையை மாட்டி
ரப்பர் பேண்ட் போட்டு
எஞ்சினை முடுக்கினேன்.

முதலில் கட்டைவிரல்.
அப்புறம் நடுவிரல், துள்ளிக்கொண்டு.
பிறகு மொத்தக் கையும் விறைத்து நிமிர்ந்து நின்றது,
விடை தெரிந்தும் யாரும் கூப்பிடாத
கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கை மாதிரி.

எஞ்சினுக்கு மூச்சுவிட வழியில்லை.
வழி கிடைக்காத காற்று
எந்த உதட்டை வேண்டுமானாலும் பிளந்துகொண்டு வரும்.

காற்றை உள்ளிழுக்கும் குழாய்களுக்கு அடியில்
கை நுழையாத இடத்தில் இருந்தது அது:
பொத்தானைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் வில்லை,
அதன் துளைகளெல்லாம் கரி.
அதற்குமேல் ரப்பர் குழாயில்
விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி.
குழாய்ச் சுவரில் கஸ்டர்டு நிறத்தில் வழவழப்பு,
எண்ணெயும் ஈரமும் கலந்தது.
ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு முந்நூறு மீட்டர்,
நில், போடு, கிளம்பு.
சூடேறவே விடாத ஓட்டம்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
பாவத்தின் இடம் ஓட்டுநர் இருக்கை.

குண்டூசியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி,
குழாயும் பெல்ட்டும் புதிதாகப் போட்டேன்.
கையுறை இப்போது கன்னம் ஒடுங்கித்
தலைசாய்த்துக் கிடந்தது.
சீலைத் தொடவில்லை.
பொர்யெ போட்டதுதான் இருக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் அந்த நால்வரிடமும் சொன்னேன்.
ஒருவர் தலையாட்டினார்.
மற்றவர்கள் ஹாக்கிக்குப் போய்விட்டார்கள்.
அவர்களுக்கு விரல் கதைதான் பிடித்திருந்தது.
அதைத் திரும்ப வாங்க
எந்தக் கடையிலும் ரசீது இல்லை.

பொர்யெயின் வாசலில் உறையை நீட்டினேன்.
மன்னிப்பை எங்கே தொடங்குவது என்று நான் தேடுவதற்குள்
எட்டு விரல்களால் நோட்டுகளை எண்ணினார்,
மெதுவாக, இரண்டு முறை.
"நாற்பது குரோனா அதிகம்," என்று
திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என்னைத் தாண்டி
வண்டிக்கு அடியிலிருந்த பனியைப் பார்த்தார்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.