பாலத்தின் வலது பாதி

நாடகத்தில் எனக்கு வசனம் கிடையாது.
நான் பாலம்.
சரியாகச் சொன்னால் பாலத்தின் வலது பாதி.
உள்ளங்கையும் முழங்காலும் தரையில்,
முதுகின்மேல் ஓர் ஒட்டுப்பலகை.
இடது பாதி நுக்ரி.
நடுவில் எங்கள் தலைகள் முட்டிக்கொள்ளும்;
ஒத்திகை முழுக்க
அவன் மூச்சில் பூண்டு வாடை.

கதை சின்னது.
அமைச்சர் ரியோனி ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்.
ஆயர் வந்து ஆசீர்வதிக்கிறார்.
பிறகு பாலம் யாருடையது என்று
வேதத்தையும் ரசீதுப் புத்தகத்தையும்
இருவரும் மாற்றி மாற்றிப் புரட்டுகிறார்கள்.
எழுதியவள் மெதேயா,
தேர்வுக்குப் படித்திருக்க வேண்டிய இரவுகளில்,
குத்தாயிசி விடுதிச் சமையலறையில்.

எங்கள் நிதி நாற்பது லாரி. அங்கிக்குப் போதவில்லை.
பகாரின் அக்கா தன் சலூனிலிருந்து
கழுத்தில் கட்டும் கறுப்புத் துணி கொடுத்தாள்.
எத்தனை முறை உதறினாலும் ஆயரிடமிருந்து
ஊரார் தலைமயிர் உதிர்ந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை துறைத்தலைவர் அழைத்தார்.
தடை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.
தேநீர் ஊற்றினார்.
நகைச்சுவை தனக்கும் பிடிக்கும் என்றார்.
கூரை ஒழுகுகிறது,
தீயணைப்புச் சான்று காலாவதி,
பாவம் இந்த அரங்கம் என்றார்.
ஆயரைப் பண்டைய எகிப்துக்கு
அனுப்பிவைக்க முடியாதா என்று கேட்டார்.
மெதேயா கோப்பையைத் தொடவில்லை.
நான் குடித்தேன். பிஸ்கட்டும் தின்றேன்.

மறுநாள் நுக்ரி வரவில்லை.
அவன் அப்பா தேவாலயத்தில் திருத்தொண்டர்;
யாரோ அவரோடு பேசியிருக்கிறார்கள்.
எங்களுக்கு வந்தது இரண்டே சொல்:
முதுகு வலி.
இன்னொரு பாதியை மூன்று நாள் தேடினோம்.
அந்த வாரம் கல்லூரியில்
எல்லோருக்கும் முதுகு வலி.

மெதேயா தாளில் ஒரு வரியும் மாற்றவில்லை.
பாதிப் பாலம் போதும் என்றாள்.

அரங்கேறிய இரவு, திரைக்குப் பின்னால்,
ஆயர் ஆவதற்குமுன் பகார்
மும்முறை சிலுவையிட்டுக்கொண்டான். மெய்யாகவே.
யாரும் சிரிக்கவில்லை.
அமைச்சரும் இட்டுக்கொண்டார்.

அமைச்சர் என்மேல் ஏறினார், எண்பத்தேழு கிலோ.
நாடாவை வெட்டினார்.
ஆயர் வாளியில் பெயின்ட் பிரஷை நனைத்து
என்மீது தெளித்தார்.
பிறகு, கொஞ்சமும் தயங்காமல்,
நுக்ரி இல்லாத இடத்தின்மீதும் தெளித்தார்.
அதே ஜெபம். அதே ராகம்.
கூடுதலாக ஒரு கை தண்ணீர்.

முதலில் ஒரே ஒரு சிரிப்பு,
மூன்றாவது வரிசையில் யாரோ ஒருத்தி.
பிறகு ஒழுகும் கூரையே இடிந்து விழுந்ததுபோல.
துறைத்தலைவரும் சிரித்தாராம், கைக்குட்டைக்குள்.
எங்கள் நாடகத்தின் ஆகச் சிறந்த இடத்தை
எழுதிக் கொடுத்தவர் தான்தான் என்று
அவருக்குத் தெரியுமோ என்னவோ.

எனக்குத் தரை மட்டும் தெரிந்தது.
அவன் கைகள் ஊன்ற வேண்டிய இடத்தில்
சாக்பீஸால் போட்ட இரண்டு குறிகள்
புனித நீரில் கரைந்துகொண்டிருந்தன.

கடைசி மினிபஸ்ஸில் வீடு திரும்பினேன்.
தேவாலய வளைவில் ஓட்டுநர்
ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவையிட்டார்,
அவரோடு வண்டி மொத்தமும்.
என் கையும் எழுந்தது; நான் தடுக்கவில்லை.
தோளைத் தொடும்போது எங்கோ சுளுக்கிக்கொண்டது.

அப்போது பார்த்து நுக்ரியின் செய்தி:
கூட்டம் வந்ததா?

உன் பாதிதான் நன்றாக நடித்தது என்று எழுதினேன்.
அழித்தேன்.
சனிக்கிழமை மறுபடி போடுகிறோம்,
பூண்டு தின்னாமல் வா
என்று எழுதி,
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.