ஏழு அங்குலம்

துலூத் நகரில் பனி இறங்கும் மாதம்.
மாலை வகுப்பில் பதினாறு பேர்.
பகலெல்லாம் பனிவாரி வண்டி ஓட்டும் எனக்கு
நாற்பத்தொரு வயதில் மறுபடி வீட்டுப்பாடம்.

தேர்வுக்குப் புத்தகம் கொண்டுபோகலாம்.
பதில் தெரிய வேண்டியதில்லை,
எந்தப் பக்கத்தில் அது படுத்திருக்கிறது
என்று தெரிந்தால் போதும்.
மகளின் மேசையிலிருந்து எடுத்த வண்ணச் சீட்டுகளை
ஓரமெல்லாம் ஒட்டினேன்.
கம்பி இடைவெளிக்கு மஞ்சள்
படிக்கட்டுக்குப் பச்சை
தீத்தடுப்புக் கதவுக்குச் சிவப்பு.
சேவல் மாதிரி சிலிர்த்து நின்றது புத்தகம்.

முதலில் மறக்க வேண்டியது ‘மோசம்’ என்ற சொல்.
இணங்கவில்லை என்று எழுது.
‘இப்படிச் செய்’ என்று சொல்ல உனக்கு உரிமையில்லை.
கண்டதை எழுது, அளந்ததை எழுது,
மணியை எழுது.
பதினேழு வருட மணவாழ்வில்
இந்த இலக்கணம் தெரியாமல் போயிற்று எனக்கு.

எழுபது வேண்டும். எழுபத்தொன்று வாங்கினேன்.

மார்ச். மருத்துவமனை வண்டி நிறுத்தத்தின் அடித்தளம்.
முதல் கலவை லாரியிலிருந்து இறங்கினான் ஆர்லோ கங்காஸ்,
ஆறு குளிர்காலம் ஒரே பணிமனையில்
என் பிளாஸ்க்கில் காபி குடித்தவன்.
“மார்லிஸ்! இன்றைக்கு நீதான் கடவுளா?”

ஈரத் தகட்டில் கூம்பை வைத்து
இரு காலாலும் மிதித்துப் பிடித்தேன்.
மூன்று அடுக்கு. அடுக்குக்கு இருபத்தைந்து குத்து.
எண்ணும்போது பேசக்கூடாது,
அவன் மகனின் ஹாக்கி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.
நேராகத் தூக்கினேன்.
கலவை ஒரு நொடி யோசித்தது,
பிறகு களைத்த மாடு மாதிரி உட்கார்ந்தது.
ஏழு அங்குலம்.
அனுமதி நான்கு.

மறுபடி எடுத்தேன். ஏழு.

“வழியில் தண்ணீர் விட்டாயா?”
அவன் ஏரியைப் பார்த்தான்.
அத்தனை தண்ணீரும்
ஒன்றும் சொல்லவில்லை.

‘இணங்க’ வரை எழுதியதும்
குளிரில் பேனா உறைந்துவிட்டது.
கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.
அந்த அரைச்சொல்லை
அவன் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தான்,
முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை.
மை இளகியது.
‘வில்லை’ என்று சேர்த்தேன். மணி 9.52.

பீப்பாய் சுற்றச் சுற்றத் திரும்பிப் போயிற்று லாரி.
ஹாரன் அடிக்கவில்லை. அவனைக் கூப்பிட வேண்டும்.
இன்றைக்கு வேண்டாம்.

இரவு, வீட்டு வாசலில் நின்றபடி டேப்பை இழுத்தேன்.
மூன்றாம் படி ஓர் அங்குலம் குட்டை.
பதினோரு வருடமாக
இந்தக் கால் அதைத் தெரிந்துவைத்திருக்கிறது,
யாருக்கும் அறிக்கை தராமல்.