நாற்பது மீற்றர் கேபிள்

றெட்பானாச் சந்தி தாண்டி நான்காவது ஒழுங்கை.
ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு
நான் போய் இறங்க,
"பெடியங்கள் ஆரும் வரேல்லையோ பிள்ளை?"
என்று கேட்டா பவளராணி அக்கா.
நான்தான் வந்திருக்கிறன், என்றேன்.
ட்றில் மெஷினை வெளியே எடுத்த பிறகு
அந்தப் பேச்சு நின்றது. தேத்தண்ணி வந்தது.

வீடு மூன்று தரம் கட்டியது.
முன்பக்கம் வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது.
நடுவில் இரண்டு அறை சூரிச்சிலிருந்து தம்பி அனுப்பினது,
ஒன்பது அங்குலக் கொங்கிறீற்,
ஒன்றும் துளைக்கக் கூடாதென்று சொல்லிக் கட்டினதாம்.
எனக்கு இரண்டு ட்றில் ஊசி முறிந்தது.
பின்னால், கிணறும் கடந்து,
தகரம் அடித்த ஒற்றை அறை:
பின்னேரம் தொடங்கி இரவு பத்துவரை
லண்டனில் ஒரு பல் வைத்தியருக்கு வருகிற அழைப்புகளுக்கு
மகள் மதுர்சிகா பதில் சொல்லுகிற இடம்.
போன கிழமை மட்டும்
மூன்று பேரின் பல்வலி பாதியில் அறுந்ததாம்.

போனைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறேன்.
ஹோலில் நாலு கோடு.
குசினி வாசலில் இரண்டு.
கிணற்றடியில் ஒன்று, அதுவும்
வாளி இறங்குகிற பக்கம் நின்றால்.
தகரத்துக்குள் ஒன்றுமில்லை.

மதுர்சிகா ஏற்கெனவே ஒரு ரிப்பீட்டர் வாங்கிச்
செருகி வைத்திருந்தாள்.
கேட்காத இடத்தில் வைத்தால்
அது கேட்காததைத்தான் திருப்பிச் சொல்லும், என்றேன்.
கேபிள் வேணும். மண்ணுக்குக் கீழே.
மேலால் விட்டால் குரங்கு ஊஞ்சலாடும்.

அரை அடி தோண்ட வேணும் என்றதும்
அக்கா உள்ளே போய்
பொலித்தீன் பையிலிருந்து ஒரு கடதாசி கொண்டுவந்தா.
வளவில் வெடிபொருள் இல்லையென்று எழுதிச் சீல் குத்தினது,
காணி உறுதியோடு சேர்த்து மடித்து வைத்தது.
நான் வாசிக்கவில்லை. தலையாட்டினேன்.
பிறகும் முதல் மண்வெட்டியைக்
கெங்காதரன் அண்ணைதான் போட்டார்,
மெதுவாய், ஒரு பக்கம் சரித்து.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைப்பம்,
நடக்க நடக்கப் போன் தானே மாறும்.
என்ன கடவுச்சொல் அக்கா?

ஒரு பெடியனின் பெயர். பிறகு நாலு இலக்கம்.
குசினிக்குள் நின்று சத்தமாய்ச் சொன்னா,
ஒவ்வோர் எழுத்தாய்,
இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி.
இந்த வேலையில் நான்
இப்படி நிறையப் பெயர்கள் தட்டியிருக்கிறேன்.
வலிமை: நடுத்தரம், என்று காட்டியது திரை.
அப்படியே விட்டேன்.

நாலரைக்குப் பின்னறையில் பச்சை விளக்கு.
ஆனால் மதுர்சிகாவின் போன் மாறவில்லை.
தலைக்கு மேலே ஐந்தடியில் புதுப் பெட்டி நிற்க
அது இன்னும் முன்வீட்டையே பிடித்துக்கொண்டிருந்தது,
ஒற்றைக் கோட்டில்,
அறுந்தும் அறாமலும்.

"போன் பிழையோ?"

போனில் பிழையில்லை.
முந்தினது முற்றாய்க் கைவிடும்வரை
தானாக விடாது, அதன் குணம் அது.

ஹோலுக்குப் போய்ப் பழைய றூட்டரின் வலுவைக் குறைத்தேன்.
இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பேசாதபடி
இதற்குச் சனல் ஒன்று, அதற்குப் பதினொன்று.
அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தா.

"குறைச்சால் எங்களுக்குக் காணுமோ?"
ஹோலுக்குக் காணும்.
"அவளின்ர அறைக்கு எட்டாதோ?"
எட்டாது அக்கா. அதுக்குத்தான் குறைக்கிறது.

பின்னாலிருந்து மதுர்சிகா கத்தினாள்:
"மாறிட்டுது!"

மிஞ்சின கேபிள் மூன்று மீற்றர்.
கெங்காதரன் அண்ணை வாங்கிச் சுருட்டி
ஆட்டுக்கொட்டில் ஆணியில் கொழுவினார்.
அடுத்த முறை அங்கேயும் ஒன்று வேணுமாம்,
இரவில் ஆடு பார்க்கக் கமரா.
பில்லில் நான் முறிந்த ஊசிகளைச் சேர்க்கவில்லை.

ஏணியைக் கட்டித் திரும்பியபோது
அக்கா தன் போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி
கிணற்றடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தா,
ஒவ்வோர் அடியாய் நின்று நின்று,
எந்த அடியில் விடுகிறதென்று பார்க்க.