நூறு சதவீதம்

நூறு சதவீதம் கம்பளி என்றது சீட்டு.
லஜ்பத் நகர் சாப்ரா
அந்த நூறை விரலால் தடவிக் காட்டியே விற்றார்.

வீட்டில் கழற்றும்போது படபடவென்று பொறி.
சந்தேகம் வந்து
கைமடிப்பிலிருந்து ஓர் இழை உருவி
அடுப்பில் காட்டினேன்.
மயிர் கருகும் வாடையே இல்லை.
உருகிச் சுருண்டு
கடுகளவு கருமணியாய்
இடுக்கியில் ஒட்டிக்கொண்டது.
அதைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன்.

'விற்ற சரக்கு திரும்பாது' பலகைக்குக் கீழே
தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
என் இந்தியில் பொய் பெண்பாலாகிவிட்டது.
அதை மட்டும் திருத்தினார்.

தீப்பெட்டியைத் திறந்தேன்.
மணியை உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார்.
அவர் போட்டிருந்ததும் அதே கட்டிலிருந்து வந்ததுதான்,
நிறம் மட்டும் வேறு.
ஓரத்தில் ஓர் இழை பிய்த்து
லைட்டரைப் பற்றவைத்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
லூதியானாக்காரனை ஒருமுறை திட்டினார்,
அவ்வளவு சத்தமாக இல்லை.

எண்ணூற்றைம்பது எண்ணி வைத்தார்.
தொள்ளாயிரம் கொடுத்தேனே என்றேன்.
"ஐம்பது, நீ உருவிய நூலுக்கு."

நான் படி இறங்குவதற்குள்
கடைப்பையன் சுனில் அதை மடித்து
அடுக்கில் வைத்துவிட்டான்,
சீட்டு வெளியே தெரியும்படி.